முக்காலியைப் பார்ப்போர் தரையைப் பார்ப்பதில்லை

தமிழில் 'மூன்று கால் நாற்காலி' என்று சொன்னால் சொல்லே முரண்டுபிடிக்கும். கால்களின் எண்ணிக்கையே இருக்கைக்குப் பெயர்; ஒன்று குறைந்தால் அது முக்காலி. பாறசாலை, நெய்யாற்றின்கரை தொடங்கி ஒற்றசேகரமங்கலம் வரையுள்ள எல்லை ஊர்களின் மலையாளத்தில் நாற்காலியின் இடத்தைப் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற 'கசேர' பிடித்துக்கொண்டது. முக்காலி மட்டும் இரு மொழியிலும் முக்காலியாகவே நிற்கிறது.

பழம்பொருள் சேகரிப்போர் இத்தகைய இருக்கையில் முதலில் காண்பது கடைசல் வேலையை. வளையம் எத்தனை, குமிழ் எத்தனை, மரம் ஈட்டியா பலாவா என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். இந்த மயக்கம் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், கடைந்த கம்புகள் நிறைந்த முக்கோண நாற்காலிகளைத் தேடித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் சேர்த்தார். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் பட்டமளிப்பு நாளில் அமர்வதும் அவ்வகை மூன்று கால் இருக்கையில்தான். 1737 முதல் 1769 வரை தலைவராயிருந்த எட்வர்ட் ஹோலியோக் காலத்தில் அது அங்கு வந்தது.

ஏன் மூன்று? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்த உறுதி இல்லை. சாணம் மெழுகிய மேடுபள்ளத் தரையில் நாற்காலியின் ஒரு கால் அந்தரத்தில் நின்று ஆடும், முக்காலி ஆடாது. ஏன் கடைசல்? உருண்டைக் காலில் துளையிட்டு, உருண்டைக் கம்பைச் செருகினால் போதும். ஈரம் முழுதும் வற்றாத காலில் நன்கு உலர்ந்த கம்பைச் செருகினால், கால் காயக் காயப் பிடி இறுகும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே அளவு வட்டத்தில் கால்களை ஊன்றினால், நடுவிலிருந்து தாங்கு எல்லை வரையுள்ள மிகக் குறைந்த தூரம் நாற்காலியில் ஆரத்தின் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, முக்காலியில் பாதிதான். இரண்டு கால்களுக்கு இடையே சாய்ந்தால் கவிழும். தாழ்ந்த முக்காலிகள் தாழ்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பத்மநாபபுரம் அரண்மனையின் கரிய தரை கண்ணாடிபோல் மினுங்கும்; சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்தது என்பர். அத்தரையில் எத்தனை கால் இருக்கையும் நிற்கும். மண்தரை வீட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முக்காலியைக் குறைபட்ட நாற்காலி என்று கருதுவது பிழை. தரை கேட்ட கேள்விக்குத் தச்சர் சொன்ன விடை அது. பளிங்குத் தரைமீது கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் விடை மட்டும் எஞ்சும், கேள்வி போய்விடும்.

தரை ஒன்றே காரணம் என்று நிறுத்திக்கொள்வதும் வசதியான மறதி. பழைய திருவிதாங்கூரில் யார் முன்னே யார் அமரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. அங்கே குற்றவாளியைக் கட்டிவைத்து அடித்த மூன்று கால் சட்டத்துக்கும் பெயர் முக்காலிதான். ஒற்றசேகரமங்கலம் வட்டாரத்திலேயே உள்ள ஊரூட்டம்பலத்தில், 1910களில் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது பள்ளியே கொளுத்தப்பட்டது. அத்தீயில் எஞ்சியதாகச் சொல்லப்படும் பாதி கருகிய பெஞ்சு இன்றும் அங்கே காக்கப்படுகிறது. அதன் மரவேலையைப் பற்றி எவரும் கேட்பதில்லை; அதில் யார் அமர வந்தார் என்பது தெரிந்திருப்பதால்தான் அது விறகாகவில்லை.

பழைய வீடுகளைப் பிரித்து விற்கும்போது முக்காலிக்கு அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை. எந்த அறையில் கிடந்தது, தரை மண்ணா கல்லா, யார் அமர்ந்தார், யார் பக்கத்தில் நின்றார் என்று வீட்டு மூத்தவரிடம் கேட்டு எழுத ஒரு பிற்பகல் போதும். லாரி வருவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.