"அவசரம் இல்ல" என்றால் என்ன அர்த்தம்?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பலரும் கேட்கிற கேள்வி இது. "தமிழ் கீபோர்டு எதுக்கு அண்ணாச்சி? இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடிச்சிட்டுப் போறோம். படிக்கிறவனுக்குப் புரியாதா?" ராயகிரியில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறவன் என்பதால் இதை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழ்ப் பற்றினால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதம்தான் முக்கியக் காரணம்.

ஐரோப்பியர்களுக்கு இந்தத் தலைவலி பழையது. 'கிஃப்ட்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு. அதே நான்கு எழுத்துகளை ஜெர்மன் மொழியில் எழுதினால் விஷம். ஸ்வீடன் நாட்டு மொழியில் விஷம் என்றும் அர்த்தம், கல்யாணம் ஆனவர் என்றும் அர்த்தம்! (சிரிக்க வேண்டாம், நிஜம்தான்.) வாயால் சொல்லும்போது உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஆனால் கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. அதற்கு எழுத்து என்பது வெறும் எண். ஜி, ஐ, எஃப், டி என்று தட்டினால் உள்ளே போவது 103, 105, 102, 116. லண்டனில் தட்டினாலும் ஸ்டாக்ஹோமில் தட்டினாலும் இதேதான். இந்த எண்களைப் பார்த்து இது எந்த மொழி என்று சொல்லவே முடியாது. வேர்டு போன்ற சாஃப்ட்வேர்களில் 'இந்தப் பகுதி இன்ன மொழி' என்று தனியாகக் குறித்து வைக்கும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். ராயகிரிக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சை லாரி லாரியாக அங்கே போகிறது. இன்னொரு பக்கம் ராஜபாளையம், கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். மூன்று மொழிக்கும் பொதுவான சொற்கள் நிறைய உண்டு. அர்த்தம்தான் பொதுவாக இல்லை.

'அவசரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது வேகம், பரபரப்பு. தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு, சந்தர்ப்பம். எலுமிச்சை கமிஷன் மண்டிக்குக் கேரளாவிலிருந்து 'அவசரம் இல்ல' என்று மெசேஜ் வந்தால் 'வாய்ப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மவர் 'மெதுவா அனுப்பினால் போதும்' என்று படிப்பார். தெலுங்குக்காரர் 'தேவையில்லை' என்று நினைப்பார்.

ஆனால் ஐரோப்பியர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. நம் மொழிகளுக்குத் தனித்தனி எழுத்து! யூனிகோட் முறையில் தமிழ் 'அ'வின் எண் 2949. தெலுங்கு 'அ' 3077. மலையாள 'அ' 3333. அதனால் மலையாளி தன் எழுத்தில் 'அவசரம்' என்று அடித்தால், முதல் எழுத்திலேயே இது மலையாளம் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேரில் போட்டாலும் சரியான அகராதியைத் திறக்கும். யாரும் தனியாக மொழியைக் குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த வசதியை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து நாமே தூக்கி எறிகிறோம் என்பதுதான் என் வருத்தம். அப்படி அடித்த மறு நிமிஷம் நாமும் 'கிஃப்ட்' கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம்.

இன்னும் மோசம் கூட. தமிழில் 'ல' 2994, 'ள' 2995. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் வெல்லமா, வெள்ளமா என்பது அந்த ஒன்றில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் 'எல்'தான். இதில் மலையாளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். 2018 ஆகஸ்டில் கேரளாவில் பெரு மழை வந்து 400 பேருக்கு மேல் இறந்தபோது இங்கிருந்து நிவாரணப் பொருட்கள் லாரிகளில் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு முகாமிலிருந்து ஆங்கில எழுத்தில் 'வெள்ளம் இல்ல' என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். இங்கே இருப்பவர் 'அப்பாடா, அங்கே வெள்ளம் வரவில்லை' என்று வண்டியை வேறு ஊருக்குத் திருப்புவார். மளிகைக்கடைக்காரர் கண்ணில் பட்டால் 'வெல்லம் தீர்ந்துபோச்சு' என்று அர்த்தம். மலையாள எழுத்தில் வந்திருந்தால், நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லியிருக்கும்.

இதற்கும் அடங்காத ஒரு ரகம் உண்டு. எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற பலருக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது. தமிழ் எழுத்தில்தான் எழுதுவார்கள். அவர்கள் 'அவசரம்' என்று அனுப்பினால் கம்ப்யூட்டர் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளும். அதன் மேல் தப்பில்லை. ஒற்றைச் சொல்லாக அனுப்பாமல் முழு வாக்கியமாக எழுதினால் படிக்கிற மனிதருக்காவது புரியும். மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேரை நம்பி அதைக் கொடுக்கக் கூடாது.

'தமிழ் டைப்பிங் கற்க நேரமில்லை' என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ், பின் லாங்வேஜ் அண்ட் ரீஜன் பகுதியில் தமிழைச் சேருங்கள். அதன் லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ் ஃபொனெடிக் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். பிறகு பழகிய மாதிரியே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கலாம். திரையில் தமிழ் விழும். 'ல'வா 'ள'வா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.