ஆறு நம்பர்... மூணு ஆங்கிள்!

நம்ம திருப்பூர்ல எந்த நிட்டிங் கம்பெனிக்குள்ள எட்டிப் பார்த்தாலும் வட்ட மெஷின் ஒரே சீரா சுத்திக்கிட்டு இருக்கும். கால்வாசி நேரத்துல கால் சுத்து, பாதி நேரத்துல பாதி சுத்து. சாட்டிலைட்டும் அப்படித்தான்னு நினைச்சீங்கன்னா... ஸாரிங்க!

2013 நவம்பர் 5-ல கிளம்பின மங்கள்யானை எடுத்துக்குங்க. செவ்வாய்க்குப் புறப்படும் முன்னாடி அது பூமியைச் சுத்தின முதல் பாதை, கிட்டத்துல சுமார் 250 கி.மீ., தூரத்துல சுமார் 23,500 கி.மீ. உயரம். அசல் முட்டை! கிட்ட வந்தா பறக்கும், தூரம் போனா அன்னநடை. கிட்டத்துப் புள்ளியைத் தாண்டி, ஒரு சுத்துக்கான நேரத்துல கால்வாசி ஆச்சுன்னா, நேரத்தை வெச்சுச் சொல்ற 'மீன் அனாமலி' 90 டிகிரி. நிஜமா திரும்பியிருக்கிற 'ட்ரூ அனாமலி' சுமார் 150! ரெண்டுக்கும் பாலம் போடற 'எக்ஸென்ட்ரிக் அனாமலி' சுமார் 121. எதுன்னு சொல்லாம வெறும் 90-னு கொடுத்தா, சாட்டிலைட் ஒரு பக்கம், ஆன்டெனா ஒரு பக்கம்தான்.

இதை கம்ப்யூட்டர்ல ஸ்டெப் ஸ்டெப்பா நகர்த்தணும்னா எந்த ஆறு நம்பரைக் கொடுக்கலாம்? இடம் மூணு, வேகம் மூணு கொடுத்தா எங்கேயும் சிக்காது. ஆனா ஆறுமே ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்டெப் சின்னதா வைக்கணும். பாதையோட அளவு, வடிவம், சாய்வுன்னு கொடுத்தா அஞ்சு நம்பர் மெதுவாத்தான் மாறும், ஆங்கிள் மட்டும் ஓடும். பெரிய ஸ்டெப் வைக்கலாம். அந்த ஆங்கிள் 'மீன்'னா கிட்டத்தட்ட சீரா ஓடும், ஆனா இடம் தெரிய ஒவ்வொரு தடவையும் கெப்ளர் சமன்பாட்டைத் தீர்க்கணும். 'ட்ரூ'வுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆனா முட்டைப் பாதையில வேகம் ஏறி இறங்கும்.

அடுத்து, 2009 ஏப்ரல் 20-ல பறந்த அண்ணா பல்கலைக்கழகத்தோட அனுசாட். எடை 40 கிலோ, பாதை ஏறக்குறைய வட்டம். இங்கே மூணு ஆங்கிளும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா வட்டத்துல கிட்டத்துப் புள்ளி எதுங்க? எல்லாமே ஒரே தூரமாச்சே! அந்த நம்பரை வெச்சா, பூஜ்யத்தால வகுக்கற கதைதான். அதனால பூமத்திய ரேகையைத் தாண்டற இடத்துலேர்ந்து ஆங்கிளை எண்ணுவாங்க. நம்ம டிவி சாட்டிலைட் அந்த ரேகைக்கு மேலேயே சுத்துது, தாண்டற இடமும் நிலைக்காது! அதுக்குத்தான் 'ஈக்வினாக்ஷியல்' எலிமென்ட்ஸ்.

ஃபைனல் இயர் மக்களே, கோடு அடிக்க உட்காரும் முன்னாடி முட்டையா, வட்டமா, ரேகை மேலேயான்னு பாருங்க. நம்பர் பக்கத்துலயே ஆங்கிள் பேரையும் எழுதிடுங்க. வைவாவுல திருதிருன்னு முழிக்கறதைவிட அது ஈஸி!