கழுத்தில் அழுக்கு

இந்த வாரம் கொஞ்சம் 'லேடீஸ்' சமாசாரம். மத்தியான இடைவேளையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்திருக்கும் வாலிப அன்பர்கள் சட்டென்று புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்கள் சட்டைக் காலருக்கு ஒரு வேலை இருக்கிறது.

என் தங்கைக்கு 26 வயசு. பாங்க்கில் உத்தியோகம். அவளுக்கு மாதவிலக்கு மாசா மாசம் வருவதில்லை, வருஷத்துக்கு நாலு தடவை வந்தாலே பெரிசு என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அது ராணுவ ரகசியம். 'வெளியே தெரிஞ்சா வரன் வராது' என்பது அம்மாவின் பாதுகாப்புக் கொள்கை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே தெரிந்தவைதான். முகத்தில் பரு. மேலுதட்டில் லேசாகக் கறுப்பு முடி. (ஒன்பதாங்கிளாஸ் படிக்கும்போது அதற்காக 'இன்ஸ்பெக்டர்' என்று அவளுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் அடியேன்தான்.) அப்புறம் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா பயத்தம் மாவும் பீர்க்கங்காய் நாருமாக உட்கார்ந்து, "வயசுப் பொண்ணு, ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறியாடி?" என்று அதைத் தேய்ப்பாள். தோல் சிவக்கும். கறுப்பு போகாது.

போன மாசம் அம்மாவுக்கு மூட்டுவலி. "நீ அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வாடா" என்று எனக்கு டியூட்டி விழுந்தது. வெயிட்டிங் ஹாலில் நான் ஒருத்தன்தான் ஆண். சுவர் பூரா குண்டுக் குழந்தைகள். 'நான் புருஷன் இல்லை, அண்ணன்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

ஏற்கனவே ரெண்டு டாக்டர் பார்த்தாயிற்று. ஒருவர் "வெயிட்டைக் குறைம்மா" என்றார். இன்னொருவர் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். இந்த அம்மாள் ரெண்டையும் சொல்லவில்லை. தங்கையிடம், "அண்ணனும் கேக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். உட்கார்ந்தேன்.

"நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, அந்தப் பேரே தப்பு" என்று ஆரம்பித்தார். 1935-ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்று ரெண்டு டாக்டர்கள் ஏழு பெண்களின் வீங்கிய சினைப்பைகளைப் பற்றி எழுதப் போக, கட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லை. முட்டை வளரும் குட்டிக் குட்டிப் பைகள். மாசத்துக்கு ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து முட்டையை வெளியே விட வேண்டும். இங்கே ஒன்றும் முந்துவதில்லை. பஸ் வராத ஸ்டாப்பில் கூட்டம் மாதிரி பாதி வளர்ச்சியில் அப்படியே நிற்கின்றன. ஸ்கேனில் இந்தக் கூட்டம் தெரியாமலும் வியாதி இருக்கலாமாம். பெயர் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று 2012-ல் அமெரிக்க அரசு கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது.

"அப்ப கோளாறு எங்கே டாக்டர்?"

"பெரும்பாலானவங்களுக்கு இன்சுலின்ல."

இன்சுலின்தான் ரத்தத்துச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புகிற ஆசாமி. சிலர் உடம்பில் தசைகள், பெல் அடித்தும் எழுந்திருக்காத ஆபீஸ் பியூன் மாதிரி கண்டுகொள்வதில்லை. கணையம் சும்மா இருக்குமா? ஓவர்டைம் பார்த்து இன்சுலினைக் கொட்டுகிறது. இங்கேதான் வினை. தசைக்குத்தான் காது மந்தம், சினைப்பைக்கு இல்லை. அது இந்த இரைச்சலைக் கேட்டு, எல்லாப் பெண்களிடமும் துளியூண்டு இருக்கிற டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதைக் கட்டிப்போடுகிற ஒரு புரதத்தைக் கல்லீரலும் குறைத்துவிடுகிறது. விளைவு: பரு, மீசை, நின்றுபோன முட்டை.

1921-லேயே பாரிஸில் ஆஷார், தியேர் என்ற ரெண்டு பேர் இதை மோப்பம் பிடித்திருக்கிறார்கள். 'தாடி வைத்த பெண்களின் நீரிழிவு' என்று அவர்கள் வைத்த பெயரில் முடியும் சர்க்கரையும் ஒரே வரியில் இருந்தன. ஆனால் இந்தப் பெண்கள் ரத்தத்தில் இன்சுலின் எகிறிக் கிடப்பதை அளந்து எழுத 1980 ஆயிற்று. 'தாடி' என்று டாக்டர் சொன்னபோது தங்கை என்னைப் பார்க்கவில்லை. நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்துல இருக்கே, அதுவும் அதிகப்படி இன்சுலின் பண்ற வேலை. தோல் தடிச்சுக் கறுக்கும். அழுக்கு இல்லை. தயவுபண்ணித் தேய்க்காதீங்க."

பத்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், ஸ்வாமி!

அப்புறம் மளமளவென்று சொன்னார். விலக்கு வராவிட்டால் தொல்லை விட்டது என்று இருக்கக்கூடாது. கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோய் அபாயம்கூட உண்டு. 90 நாள் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை? உதவி தேவைப்படலாம், பெரும்பாலோருக்குப் பிறக்கிறது. எடை குறைந்தால் நல்லதுதான், ஆனால் ஒல்லிப் பெண்களுக்கும் இது வருகிறது. வேகமாக நடந்தால், முள் இறங்காவிட்டாலும் தசைக்குக் காது கேட்க ஆரம்பிக்கும். "சும்மா 'குண்டு'ன்னு திட்டினா ஒரு கிராம்கூடக் குறையாது" என்றார், என்னைப் பார்த்து.

சர்க்கரை டெஸ்ட் எழுதினார். வெறும் வயிற்றில் பார்த்தால் போதாது, 75 கிராம் குளுகோஸ் குடித்து ரெண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கணும். "அப்பாவுக்கு சுகர் உண்டா?"

"நாப்பது வயசுலயே."

பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை. "தம்பி, கொஞ்சம் திரும்பி, காலரை இறக்குங்க."

இறக்கினேன். தங்கை எட்டிப் பார்த்து "அய்யோ" என்றாள். அதே பட்டை!

இந்தப் பெண்களின் கூடப்பிறந்த ஆண்களிடமும் இன்சுலின் மந்தம் இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். "உங்களுக்குச் சினைப்பை இல்லை. அதனால காட்டிக்கொடுக்க ஆளில்லை."

"நான் ஒல்லி டாக்டர், 62 கிலோதான்" என்று வாதாடினேன். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு 2004-ல் வெளியிட்ட போட்டோவைப் பற்றிச் சொன்னார். உயரத்துக்கு எடை என்கிற கணக்கில் ரெண்டு பேரும் அச்சாக ஒன்று, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! நான் பெல்ட்டுக்கு மேலே பிதுங்கியதை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லேப் பெஞ்சில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் குளுகோஸ். தித்திப்பு திகட்டியது. இனி ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

"அண்ணா, ஒம்பதாங்கிளாஸ் குரூப் போட்டோவுல நான் இல்லை, ஞாபகம் இருக்கா?"

"ஜுரம்னு லீவு போட்டியே."

"ஜுரம் இல்லை."

சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. "ஸாரிம்மா" என்றேன். "ம்" என்றாள்.

சாயங்காலம் ரிசல்ட். அவளுக்கு வெறும் வயிற்றில் 91, வெகு ஜோர். ரெண்டு மணி நேரம் கழித்து 164. அது 140-க்குள் இருக்க வேண்டும், 200-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றோடு விட்டிருந்தால் பாஸ் போட்டிருப்பார்கள். என்னுடையது 104, 171.

இரண்டு சீட்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெகுநாள் கழித்து வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள். "இன்ஸ்பெக்டரைத் தாண்டிட்டே. இனி நீ டி.எஸ்.பி."

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு பேரும் வேகமாக நடக்கிறோம். அவள்தான் முன்னால். மெட்ஃபார்மின் மாத்திரை அவளுக்கு முதல் வாரம் வயிற்றைப் படுத்திவிட்டு இப்போது பரவாயில்லை. மூணு மாசம் கழித்து எனக்கும் மறுபடி குளுகோஸ் டம்ளர் இருக்கிறது.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் முழுசாக விளங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பீர்க்கங்காய் நாரோடு வந்து நின்றாள். தங்கை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் என் பக்கம் கை காட்டினாள்.