அம்மா கிண்டிய களி

ஓசூரில் மாலை ஷிப்டு முடிகிறது. ஆலை வாசலில் இருந்து ஆட்கள் சாரி சாரியாக வெளியே வருகிறார்கள். சிலர் பஸ்சைப் பிடிக்க ஓடுகிறார்கள். சிலர் தள்ளுவண்டிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே பரோட்டா உண்டு. முட்டை தோசை உண்டு. பிரைடு ரைஸ் உண்டு. சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு பெருமூச்சு வருகிறது.

"என்ன இருந்தாலும் எங்க அம்மா கிண்டற களி மாதிரி வருமா?"

வேலை கிடைத்தது. சம்பளம் கிடைத்தது. வீட்டுச் சாப்பாடு போயிற்று! ஊரை விட்டு வேலைக்கு வந்த பிள்ளைகளின் பெருங்குறை இதுதான்.

"இது ஒரு குறையா? வயிறு நிறைந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். வயிறு நிறைவது வேறு. மனம் நிறைவது வேறு. அது மட்டும் அல்ல. இந்த ஏக்கத்துக்கு உள்ளே ஓர் ஆபத்தும் இருக்கிறது.

மூன்று பெயர், ஓர் உருண்டை

ஓசூர் எல்லை ஊர். பெங்களூர் அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டர்தான். கடைத் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். தமிழர் "களி" என்பார். கன்னடக்காரர் "முத்தே" என்பார். தெலுங்குக்காரர் "சங்கட்டி" என்பார். பெயர்தான் மூன்று, தட்டில் இருப்பது ஒரே ராகி உருண்டை.

சிறைக்குப் போவதைக் "களி தின்னப் போகிறான்" என்று கேலி செய்வது உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் களி தண்டனை அல்ல. அது வீட்டின் ராத்திரிச் சாப்பாடு.

களி கிண்டுவது பார்க்க எளிது, செய்யக் கடினம். பானையில் தண்ணீர் கொதிக்க வேண்டும். உப்புப் போட வேண்டும். சிலர் ஒரு பிடி நொய் அரிசியும் வேகவிடுவார்கள். பிறகு ராகி மாவை நடுவில் கொட்டி, அப்படியே கொதிக்க விடவேண்டும். மாவு வெந்த பிறகு, மரத் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்து, சூடு ஆறும் முன் உருட்ட வேண்டும்.

அந்த உருண்டையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. மீந்த களியைத் தண்ணீரில் போட்டு வைத்தால், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கூழாகக் குடிக்கலாம்.

விரல்கள் கூடிய விருந்து

களிக்கு ஏற்ற துணை எது? கீரைக் கடைசல் உண்டு. கொள்ளுக் குழம்பு உண்டு. கருவாட்டுக் குழம்பு உண்டு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் அவற்றை எல்லாம் மிஞ்சுவது பிதுக்குப் பருப்புக் குழம்பு.

மானாவாரிக் காட்டில் ராகிக்கு நடுவே அவரையும் விதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ராகி அறுவடைக்குப் பிறகும் அவரை நின்று, பனியில் காய்க்கும். ஒரே காட்டில் விளைந்த இரண்டும் ஒரே தட்டில் சேருகின்றன!

பச்சை அவரைக் கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுவார்கள். காலையில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிதுக்க வேண்டும். தோல் கையில் நிற்கும். பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும். ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்க எத்தனை நூறு கொட்டை பிதுக்க வேண்டும்!

அது ஒருவர் வேலை அல்ல. பாட்டி உட்காருவாள். அம்மா உட்காருவாள். அத்தை வருவாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பிதுக்குவார்கள். பருப்பு சில சமயம் பாத்திரத்தில் விழாமல் தம்பியின் முகத்தில் போய் விழும்! சிரிப்பும் ஊர்க்கதையுமாக வேலை முடியும்.

கடையில் இன்று பிதுக்கிய பருப்பே விற்கிறார்கள். வாங்கிக் குழம்பு வைக்கலாம். ருசியும் இருக்கும். ஆனால் அந்த அரை நாள் கூட்டமும் சிரிப்பும் கடையில் கிடைக்குமா?

சிறுவயதுச் சாப்பாட்டுக்காக ஏங்குகிறவர் நாக்கின் ருசிக்காக மட்டும் ஏங்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களுக்காகவும் ஏங்குகிறார்.

ஆலை வந்தது, அடுப்பு மாறியது

ஒரு காலத்தில் ஓசூர் சிறிய ஊர். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. 2004-ஆம் ஆண்டில் தருமபுரியில் இருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆனது. ஆலைகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கேற்றின. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஆலைக்கு மூன்று ஷிப்டு. அடுப்புக்கு ஒரே நேரம்! அப்பா காலை ஷிப்டு, மகன் இரவு ஷிப்டு என்றால் எப்போது சேர்ந்து சாப்பிடுவது? ஓர் அறையில் நான்கு பேர் தங்கினால் யார் சமைப்பது? விடுதியில் தங்கும் பெண்ணுக்கு அடுப்பே கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. மானாவாரிச் சீமையில் ஒரு காலத்தில் நெல்லுச் சோறு பண்டிகைக்கு மட்டும்தான். களி ஏழையின் சாப்பாடு. சோறு பணக்காரன் சாப்பாடு என்ற எண்ணம் ஊறியது. "என் பிள்ளையாவது சோறு சாப்பிடட்டும்" என்று தாய் நினைத்தாள். அது நியாயமான ஆசை. பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் அது இலவசமாகவே கிடைத்தது. பானையில் அரிசி ஏறியது, ராகி இறங்கியது.

ராமர் சொன்ன தீர்ப்பு

அரிசி உசத்தியா, ராகி உசத்தியா? இந்தச் சண்டை பழையது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் என்ற கன்னடக் கவிஞர் இதை வைத்து "ராமதான்ய சரித்ரே" என்ற காவியமே பாடினார்.

கதை இதுதான். அரிசியும் ராகியும் ராமர் முன் சண்டை போடுகின்றன. "நானே பெரியவன்" என்கிறது அரிசி. "நான் ஏழைக்குச் சோறு போடுகிறவன்" என்கிறது ராகி. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறார். பிறகு திறந்து பார்த்தால் அரிசி கெட்டுப் போயிருக்கிறது. ராகி அப்படியே இருக்கிறது. ராகவன் என்ற தம் பெயரையே ராகிக்குத் தருகிறார் ராமர்!

இது கதை. ஆனால் ராகி நெடுநாள் கெடாது என்பது உண்மை. பஞ்சத்துக்கு என்று குழியில் சேமித்து வைத்த தானியம் அது. சத்தும் குறைவில்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லி கிராம் கூட இல்லை.

அம்மா பட்ட பாடு

பழைய நாளைப் புகழ்ந்து பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தக் களிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முதுகு வலி இருந்தது. கோழி கூவும் முன் எழுந்து, கல் இயந்திரத்தைச் சுற்றி ராகி அரைத்தவள் அவள். விறகுப் புகையில் கண் கலங்கியவள் அவள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மீந்ததைச் சாப்பிட்டவளும் அவளே.

ஆகவே, "அம்மா சமையல் வேண்டும்" என்பவர், அம்மா பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். அந்தப் பாட்டை அப்படியே மனைவியின் தலையில் ஏற்றுவது நியாயம் அல்ல. அவளும் இன்று ஆலைக்குப் போகிறாள்!

ஜார்கண்ட் பெண்ணுக்கும் அதே ஏக்கம்

ஓசூர் ஆலைகளில் இன்று தமிழ்நாட்டார் மட்டும் இல்லை. ஒடிசா, பீகார், ஜார்கண்டில் இருந்தும் ஆணும் பெண்ணும் வந்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் அம்மா உண்டு. அவர்களுக்கும் ஏக்கம் உண்டு.

இதில் ஓர் ஆச்சரியம். ஒடிசாவின் மலை ஊர்களில் ராகிதான் பழைய உணவு, பெயர் "மண்டியா". ஜார்கண்டில் அதே ராகிக்குப் பெயர் "மடுவா". அங்கே ரொட்டி தட்டுவார்கள். ராயக்கோட்டைப் பையனும் ராஞ்சிப் பெண்ணும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் நிற்கலாம். பேச்சு புரியாமல் போகலாம். ஆனால் இருவர் வீட்டுப் பானையிலும் வெந்தது ஒரே தானியம்!

எது கெடும்?

இப்போது ஆபத்து எது என்று பார்க்கலாம். ராகி அழியப் போவதில்லை. ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. பெரிய ஓட்டல்களிலும் களி விற்கிறது.

தானியம் கெடாது. கைப்பக்குவம்தான் கெடும்! ராகியைப் பல ஆண்டு குழியில் வைத்து எடுக்கலாம். அம்மாவின் கைப்பக்குவத்தை அப்படி வைத்து எடுக்க முடியாது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அது அவளோடு போய்விடும்.

போனில் கேட்கும் மகனுக்கு அம்மா என்ன சொல்கிறாள்?

"தண்ணி எவ்வளவும்மா ஊத்தணும்?"

"அளவெல்லாம் எனக்கு எங்கடா கண்ணு தெரியும்? கைக்குத் தெரியும். நீ வந்து பாரு."

கைக்குத் தெரிந்ததைக் கையருகே உட்கார்ந்துதான் கற்க முடியும்.

கொரியா நாட்டில் குளிர்காலம் வருமுன், குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து, கோசுக்கீரையில் உப்பும் மிளகாயும் பூண்டும் சேர்த்து "கிம்ச்சி" போடுவார்கள். அந்தக் கூட்டு வேலைக்குக் "கிம்ஜாங்" என்று பெயர். 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. வெறும் ஊறுகாய்க்குக் கிடைத்த பெருமை அல்ல அது. கூடிச் செய்து பங்கிட்டுக் கொள்வதற்குக் கிடைத்த பெருமை. பிதுக்குப் பருப்புக்குச் சுற்றி உட்காரும் குடும்பமும் அதற்கு எந்த வகையில் குறைந்தது?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம்.

லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள், தட்டின் முன் உட்காருவதற்கு முன்பு அடுப்பின் முன் உட்கார வேண்டும். ஆண் பிள்ளையும் உட்கார வேண்டும். அம்மா போடும் மாவை ஒரு டம்ளரால் அளந்து பார்க்கலாம். ஊற்றும் தண்ணீரையும் அளக்கலாம். ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். துடுப்பை வாங்கித் தானே ஒருமுறை கிண்டிப் பார்க்கலாம். முதல் தடவை கட்டி தட்டும். பரவாயில்லை!

அறையில் தங்கும் நண்பர்கள் வாரத்தில் ஒருநாள் கூடிச் சமைக்கலாம். இந்த வாரம் களி; அடுத்த வாரம் மடுவா ரொட்டி.

ஆலை நிர்வாகங்களும் மனம் வைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் அமைக்க வழி செய்தது. கேண்டீன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தர வகை செய்தது. அந்தப் பிரதிநிதிகள் விலையைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா? வாரம் ஒருநாள் களியும் கீரைக் கடைசலும் கேட்கலாம் அல்லவா? ராகி வெளிநாட்டில் இருந்து வர வேண்டியதில்லை. ஆலை மதிலுக்கு அப்பால் உள்ள காட்டிலேயே விளைகிறது!

தை பிறந்தால் பொங்கல் லீவு. ஓசூர் பஸ் நிலையத்தில் இடம் பிடிக்க நெருக்கடி இருக்கும். முண்டியடித்து வீடு போய்ச் சேரும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. பாட்டி அவரைக் கொட்டையை ஊறப் போட்டிருப்பாள். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பாட்டி இருக்கும்போதே பிதுக்கக் கற்க வேண்டும்!