ஆசிரியரின் இறுதிப் பாடம்

ஸ்பானிய உள்நாட்டு யுத்த இலக்கியம் என்றால் ஹெமிங்வே, ஜோர்ஜ் ஓர்வெல் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இருவரும் வெளியிலிருந்து போனவர்கள். 1939இல் யுத்தம் முடிந்த பிறகும் அந்த மண்ணிலேயே இருந்து, 1975 வரை பிராங்கோவின் ஆட்சியில் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவர்கள் என்ன எழுதினார்கள்? எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அதிலும் கலீசியர்கள்.

கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலை, போர்த்துக்கலுக்கு நேர் மேலே. அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு, போர்த்துக்கேயத்துக்கு மிக நெருக்கமானது. 1936 ஜூலையில் இராணுவம் கிளர்ந்தெழுந்தபோது சில நாட்களிலேயே அந்தப் பகுதி முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஆகவே அங்கே போர்முனை என்று ஒன்று இருக்கவில்லை. ஆனால் கொலைகள் இருந்தன. மேயர், ஆசிரியர், தொழிற்சங்கக்காரர் என்று தேடித் தேடிப் பிடித்தார்கள்.

அன்ஷெல் கசால் அப்படிக் கொல்லப்பட்டவர். சந்தியாகோ நகரின் மேயர், கலீசிய மொழி நூல்களை வெளியிட்ட 'நோஸ்' பதிப்பகத்தின் சொந்தக்காரர். கவிஞர் லோர்கா கலீசிய மொழியில் எழுதிய ஆறு கவிதைகளை 1935இல் நூலாக்கியவர் அவர்தான். அடுத்த வருடம் ஓகஸ்டில் இருவருமே கொல்லப்பட்டார்கள். பதிப்பாளர் வடக்கே, கவிஞர் தெற்கே. கிரனாடா என்றதும் நம்மவர்களுக்கு அல்ஹம்ராதான் ஞாபகம் வரும். லோர்காவைச் சுட்டது அந்த நகருக்குச் சற்று வெளியேதான்.

கலீசிய எழுத்தாளரும் ஓவியருமான கஸ்தெலாவோ 1937இல் ஒரு சித்திரத் தொகுதி வெளியிட்டார். அதில் ஒரு படம்: தரையில் ஆசிரியரின் பிணம், பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும் இரண்டு சிறுவர்கள். படத்தின் பெயரைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். உயிர் தப்பிய ஆசிரியர்களை விசாரிக்கவும் குழுக்கள் அமைக்கப்பட்டன. இவர் எப்படிப்பட்டவர் என்று ஊர்ப் பாதிரியார், மேயர், பொலிஸ், பெற்றோர் ஆகியோரிடம் எழுத்தில் கேட்டார்கள். பெற்றோரிடமும்! அந்தக் கடதாசிகளை நம்பிப் பலரை வேலையிலிருந்து நீக்கினார்கள், பலரைத் தூர ஊர்களுக்கு மாற்றினார்கள்.

இந்தப் பயத்துக்குள் இருந்து நேரடியாக எழுத முடியாது. கார்மென் லஃபோரெத் இருபத்து மூன்று வயதில் எழுதிய 'நாடா' (ஒன்றுமில்லை என்று அர்த்தம்) நாவலில் பார்சலோனாவின் ஒரு வீட்டுக்குள் பசியும் சண்டையும்தான் இருக்கின்றன. யுத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் ஒருவரும் முழுசாக இல்லை. அதே காலத்தில் எழுதிய கமிலோ ஹோசே செலா கலீசியாவில் பிறந்தவர், ஸ்பானிய மொழியில் எழுதியவர், பிராங்கோவின் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய 'தேன்கூடு' நாவலையே அதே தணிக்கை தடுத்தது. 1951இல் புவனஸ் அயர்ஸில்தான் அச்சாகியது. 1989இல் நோபல் பரிசும் கிடைத்தது. திறமைசாலி, மறுக்கவில்லை. எனக்கு லஃபோரெத்தைத்தான் பிடிக்கும்.

கலீசிய மொழிக்கோ பாடசாலையில் இடமே இல்லை. 1950இல்தான் 'கலாக்ஸியா' பதிப்பகம் தொடங்கி மெல்ல மூச்சு விட்டது. 1962இல் செல்சோ எமிலியோ ஃபெரெய்ரோ வெளியிட்ட கவிதைத் தொகுதியின் பெயர் 'நீண்ட கல் இரவு'. பிராங்கோ காலத்தையே மக்கள் அந்தப் பெயரால் குறிப்பிடத் தொடங்கினார்கள்.

ஆனால் நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது மனுவெல் ரிவாஸ் 1995இல் வெளியிட்ட 'வண்ணத்துப்பூச்சிகளின் நாக்கு' என்ற சிறுகதையை. யுத்தம் முடிந்து பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு பிறந்தவர் ரிவாஸ். ஒரு கிராமத்து ஆசிரியர், ஒரு சிறுவன். வண்ணத்துப்பூச்சியின் நாக்கைக் காட்ட நுணுக்குக்காட்டி வேண்டும், அது மேலிடத்திலிருந்து வந்துசேரவே இல்லை. (வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதிக் களைத்தவர்கள் இங்கே சிரிக்கலாம்.) சிறுவனின் தந்தை தையற்காரர், குடியரசு ஆதரவாளர், ஆசிரியருக்கு ஓர் உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார். இராணுவம் வந்ததும் தாய் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரேயொரு விஷயம்: வாப்பா ஆசிரியருக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கவேயில்லை.

பிறகு கைதிகளை லொறியில் ஏற்றுகிறார்கள், ஆசிரியரையும். தந்தை கண்ணீரோடு அவரைத் திட்டுகிறார். லொறியின் பின்னால் ஓடிக் கல்லெறியும் சிறுவனும் கத்துகிறான், அவனுக்கு வாயில் வருவதெல்லாம் வகுப்பில் படித்த பறவையின் பெயரும் அது போன்ற சொற்களும்தான்.

கொன்றவர்களைப் பற்றி எழுதுவது இலகு. அவர்கள் எப்போதும் வேறு யாரோதான். ரிவாஸ் எழுதியது பயந்துபோன ஒரு நல்ல குடும்பத்தைப் பற்றி. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளை நின்றிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பேனோ என்னவோ. பழையதைக் கிளறாமல் விட்டால் காயம் தானாக ஆறும் என்பவர்கள், இந்தச் சில பக்கங்களை எழுத ஏன் 1995 வரை ஆனது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கதை ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 1999இல் படமாகவும் வந்தது, நல்ல படம், ஆனால் கொஞ்சம் இனிப்புக் கூட. முதலில் கதையை வாசியுங்கள்.