ஸனது எங்கே?

நம் பிள்ளைக்கு அலிஃப், பே ஓதிக் கொடுக்க வரும் உஸ்தாதிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எந்த மதரஸாவில் ஓதினீர்கள்? யாரிடம் ஓதினீர்கள்?" என்பதே. ஹதீஸ் பாடம் நடத்துவோர்க்கு இஜாஸத் வேண்டும். ஆசிரியர்க்கு ஆசிரியராய்ப் பின்னோக்கிச் செல்லும் ஸனது வேண்டும். ஓர் எழுத்தின் உச்சரிப்புப் பிழைபட்டுவிடுமோ என்று இவ்வளவு அஞ்சும் நாம், அதே பிள்ளையின் மனம் பிழைபட்டால் அவனை எவரிடம் ஒப்படைக்கின்றோம்? வாயிலில் 'மனநல ஆலோசனை நிலையம்' என்றொரு பலகை தொங்கினால் போதும். உள்ளே அமர்ந்திருப்பவர் எங்கே கற்றார், எவர் மேற்பார்வையில் பயின்றார் என்று கேட்பாரில்லை.

பிறரைக் குறை கூறுமுன் எம் பிழையைச் சொல்லிவிடுகின்றோம். எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இரவெல்லாம் உறங்காமல், காதில் குரல்கள் கேட்கின்றன என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய உம்மா அழுதபடி எம்மிடம் அழைத்து வந்தார். யாம் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். அது பிழையன்று. "மருத்துவரிடமும் செல்லுங்கள்" என்று சொல்லாமற் போனோமே, அதுவே பிழை. எட்டு மாதங்கள் வீணாயின. பின்னர் மனநல மருத்துவர் ஒருவரின் சிகிச்சையால் உறக்கம் திரும்பிற்று. அந்த வேளையில், சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருந்த ஆலோசகர் ஒருவர், "மாத்திரை அடிமையாக்கிவிடும், என் பேச்சே போதும்" என்று அதை நிறுத்தச் செய்தார். இரண்டு மாதங்களுக்குள் நோய் முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பியது. அந்தத் தாய் எவரையும் நோகவில்லை. தம் நஸீபையே நொந்துகொண்டார். நஸீபா அது? அறியாமையும் துணிச்சலும் கூடிச் செய்த கேடன்றோ?

மனத்துக்கு மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். அவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேல் மனநோய் இயல் கற்றவர். மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் மருந்து எழுதுவதில்லை; சோதனைகளால் நோயை ஆய்ந்து, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை செய்பவர். உளவியலில் முதுகலை முடித்தபின், மருத்துவமனையிலேயே நோயாளிகளிடையே, மூத்தோர் மேற்பார்வையில் பயிலும் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே நெடுங்காலமாக அவருக்குரிய தகுதியாக இருந்து வந்தது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இத்தகையோரைப் பதிவேட்டில் ஏற்றி எண் தர ஏற்பாடு செய்தது. பதிவின்றித் தொழில் செய்வோர்க்கு அது விதித்த தண்டனை யாது? ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு மனிதனின் அறிவைக் கெடுத்தவனுக்கு ஆயிரம் ரூபாய்! மற்ற உளவியலாளரையும் ஆலோசகரையும் ஒழுங்குக்குள் கொணர 2021-இல் இன்னொரு சட்டம் வந்தது. எனினும், சட்டம் எழுதப்பட்டதனால் மட்டும் பலகைகள் இறங்கிவிடுவதில்லை.

கேட்பாரற்ற நிலை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட வழியின்றி 28 உயிர்கள் கருகின. அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் பகைவர்களல்லர். பெற்ற தாய் தந்தையரும் உடன்பிறந்தோருமே. தர்காவின் நிழலைத் தேடி வந்தவர்களை, மருத்துவமும் அறியாத, பயிற்சியும் இல்லாத கைகளில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே தடுக்கின்றது. அந்தத் தெளிவு பிறக்க நாம் கொடுத்த விலை எத்தகையது!

"உளவியல் மேல்நாட்டுச் சரக்கு, ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வருமா?" என்று வாதிடுவோர் உளர். பல்கு நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதிய அறிஞர். அச்சம், துயர், சினம், ஓயாத வஸ்வாஸ் ஆகியவற்றுக்கு அவர் தனித்தனி அத்தியாயம் வகுத்தார். அவரிடம் ஈமான் இல்லையா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன், விளையும் கேட்டுக்குத் தானே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அது உடலுக்கு மட்டும் என்று எவர் வரையறுத்தார்?

ஸனது இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2002-இல், முனைவர் பட்டம் பெற்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்துக்கு விசாரணை முறைகளை வகுத்துக் கொடுத்தார்கள். அபூ ஸுபைதா என்னும் கைதி அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 83 முறை நீரால் மூச்சுத் திணறடிக்கப்பட்டார். மனத்தை ஆற்றக் கற்ற கல்வி, மனத்தை உடைக்கப் பயன்பட்டது. இத்தகைய விசாரணைகளில் உளவியலாளர் பங்கு கொள்ளலாம் என்று 2005-இல் இசைந்த அமெரிக்க உளவியல் சங்கம், தன் அதிகாரிகளே பாதுகாப்புத் துறையோடு கைகோத்து ஒழுக்க விதியைத் தளர்த்தினர் என்று 2015-இல் ஒரு விசாரணை அம்பலப்படுத்திய பின்னரே தடை விதித்தது. இல்மு மட்டும் இருந்து அமானத்து இல்லையேல், கற்றவன் கல்லாதவனிலும் கொடியவன்.

அந்த அமானத்துதான் என்ன? நோயாளி நம்பிச் சொன்னதை வெளியிடாமை. இன்ன சிகிச்சை என்று விளக்கி இசைவு பெறுதல். தன் அறிவுக்கு எட்டாததை எட்டியவரிடம் அனுப்பிவைத்தல். நோயாளியோடு கொடுக்கல் வாங்கலோ வேறு உறவோ கொள்ளாமை. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டுமே இரகசியத்தின் பூட்டைத் திறக்கலாம். அதுவும் தேவையான அளவுக்கே.

இந்தப் பூட்டை உடைக்கச் சொல்பவர்கள் பல வேளைகளில் நாமே. "கட்டணம் கொடுப்பவன் நான், என் மகள் உள்ளே என்ன சொன்னாள்?" என்று கேட்கும் வாப்பாக்களை யாம் அறிவோம். "சம்பந்தம் பேசப் போகின்றோம், பெண்ணுக்கு ஏதும் உண்டா?" என்று விசாரிக்கும் உறவினரையும் அறிவோம். அவர்களுக்கு விடையளிக்கும் உளவியலாளர் நல்லவரல்லர்; வாய் திறவாதவரே நல்லவர். அவர்மீது சினந்து வேறு இடம் தேடுவது, நம் பிள்ளைக்கு நாமே செய்யும் துரோகம்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரையும் வேண்டிக்கொள்கின்றோம். பலகையைக் கண்டு நுழையாதீர்கள். என்ன பட்டம், எந்த மருத்துவமனையில் பயிற்சி, பதிவெண் என்ன என்று நாணாமல் கேளுங்கள். உண்மையில் கற்றவர் அக்கேள்விக்குச் சினங்கொள்ள மாட்டார். மருத்துவர் எழுதிய மாத்திரையை இன்னொருவர் சொல் கேட்டு நிறுத்தாதீர்கள். நம் ஊர்களில் மருத்துவமனை நடத்தும் செல்வர்களே, குறைந்த ஊதியத்துக்குக் கிடைக்கின்றார் என்பதற்காகப் பயிற்சியற்றவரை அந்நாற்காலியில் அமர்த்தாதீர்கள். ஆலிம் பெருமக்களே, ஓதிப் பார்க்க வருவோரை "மருத்துவரிடமும் செல்லுங்கள்" என்ற ஒரு சொல் சேர்த்து அனுப்புங்கள். குஜராத்தின் உனாவா தர்காவில் துஆவும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைக்க வழி செய்தார்கள். ஏர்வாடியிலும் பின்னர் அவ்வழி வந்தது. துஆவின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

அந்த ஒரு சொல்லை எட்டு மாதங்கள் சொல்லாதிருந்தவர்கள் யாம். அதற்காக வருந்தியே இதனை எழுதுகின்றோம்.