முற்றத்துப் புல்லுக்கு விஷம் எதற்கு?

நாகர்கோவில் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களில் பலர், முற்றத்தில் ஒரு பாய் அகலத்துக்காவது புல் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். கண்ணுக்குக் குளிர்ச்சி, குழந்தைகளுக்கு விளையாட இடம்!

ஆனால் ஆறு மாதத்தில் என்ன ஆகிறது? நாய் சிறுநீர் கழித்த இடம் கருகுகிறது. மீதி இடத்தில் கோரை முளைக்கிறது. உடனே களைக்கொல்லி வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள்.

இது வேண்டாத வேலை! அந்தப் புல்லில்தான் குழந்தை தவழ்கிறது. கோழி மேய்கிறது. நாலு அடி தள்ளிக் கிணறு இருக்கிறது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2015-ல் அதை வகைப்படுத்தியது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. இதை ஒப்புக்கொள்ளாத நிபுணர்களும் உண்டு. வாதம் நடக்கட்டும்! அது முடியும் முன்பு, நம் முற்றத்தில் அதற்கு என்ன வேலை?

நாய் செய்த தீமை

நாயின் சிறுநீரில் யூரியா உண்டு. வயலில் ஒரே இடத்தில் உரத்தைக் கொட்டினால் நெல் கருகும் அல்லவா? அதே கதைதான் இது.

இதற்கு மருந்து தண்ணீர்! நாய் நகர்ந்ததும் அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மூலையில் மணல் போட்டு, நாயை அங்கே போகப் பழக்குங்கள்.

கோரையின் தந்திரம்

கோரையை இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். மழை பெய்து மண் இளகியதும், ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். மறுபடி முளைக்கும், மறுபடி எடுங்கள். கிழங்கின் பலம் குறையும் வரை விடாதீர்கள்.

சிலர் உப்பைக் கொட்டுகிறார்கள். களை சாகும், மண்ணும் கெடும்!

புது வாழ்வு

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியிலோ ஐப்பசியிலோ வேலையைத் தொடங்கலாம்.

மிதிபட்டு இறுகிய மண்ணைக் கொத்துங்கள். மக்கிய சாணமும் மணலும் கலந்து பரப்புங்கள். கணுவுள்ள அருகம்புல் துண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் நடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். வயல்காரர் களை என்று வரப்பில் எறிவதுதான் நமக்குக் கம்பளம்!

வேர் பிடிக்கும் வரை நாயும் பிள்ளைகளும் மிதிக்காமல் முள் கட்டுங்கள். பிறகும் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். புல் அடர்ந்தால் களைக்கு வெயில் கிடைக்காது. மாமர நிழலில் மட்டும் அருகு செழிக்காது. அங்கே சருகு கிடக்கட்டும்.

விஷம் ஒரு நாளில் களையைக் கருக்கலாம். ஆனால் இறுகிய மண் இளகாது. நாயின் பழக்கம் மாறாது. வெறும் தரையில் களைதான் முதலில் திரும்பி வரும்.

கையால் செய்தால் செலவு என்ன? இரண்டு கூடைச் சாணம், கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான்!